ஈஸ்டர் முதல் ஈஸ்டர் வரை

சேசு மரி சூசை துணை

சாந்தோம், மயிலாப்பூர்,
3 நவம்பர் 1946.

என் அன்புள்ள ஐவிக்கு,

கிளாடிஸ் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்தை விசாரிக்க வேண்டியதில்லை. மூன்று வாரமாக நான் எழுதவில்லை என்று நேற்று வந்த கடிதத்தில் ஒரு பக்கம் முழுக்கத் திட்டியிருக்கிறாய். அவ்வளவு தெம்பு இருந்தால் கொடைக்கானல் குளிர் உன்னை ஒன்றும் செய்யவில்லை என்றுதான் அர்த்தம்.

நான் எழுதாததற்குக் காரணம் உண்டு. பாதிச் செய்தியை எழுதினால் மீதியை நீயே கற்பனை செய்துகொண்டு குதிப்பாய். முழுதாகக் கைக்கு வரட்டும் என்று இருந்தேன். வந்துவிட்டது, ஐவி. விடுப்பு கொடுத்துவிட்டார்கள். ஒரு வருஷம், சம்பளமில்லாமல். வருகிற ஈஸ்டருக்கு மறுநாளிலிருந்து அதற்கடுத்த ஈஸ்டர் வரை.

எங்கள் தலைமைக் கன்னியாஸ்திரி அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து என் விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்தார்கள். உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். தாயாருக்கு ஏதாவதா என்றார்கள். அதுவும் இல்லை என்றேன். பின்னே எதற்கு ஒரு வருஷம் என்றார்கள். ஒரு மலையையும் ஒரு ஏரியையும் பன்னிரண்டு மாதமும் பார்க்க வேண்டும் என்றேன். பதினான்கு வருஷம் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்ததில் இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஆனாலும் கையெழுத்துப் போட்டார்கள். என் பதிவேட்டில் பிறந்த தேதிக்கு அத்தாட்சி இல்லையாம். கோயிலிலிருந்து ஞானஸ்நானச் சான்று ஒன்று வாங்கிக்கொடு என்றார்கள். அடுத்த வாரம் வாங்கிவிடுவேன்.

சீசனுக்கு வருகிறவர்கள் ஊரைப் பார்க்க வருவதில்லை, ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வருகிறார்கள் என்று நீ ஒரு தடவை எழுதினாயே, அன்றைக்குப் பிடித்த பிடிவாதம் இது. மே மாதம் பதினைந்து நாள் வந்து ஏரியைச் சுற்றிவிட்டு, பிளம்ஸ் பழம் வாங்கிக்கொண்டு இறங்குகிற ஆளாக நான் இருக்க மாட்டேன். காற்றடிக்கிற ஜூனும் பார்க்க வேண்டும். மேகம் வீட்டுக்குள் வருகிற ஜூலையும், உறைபனி விழுகிற ஜனவரியும் பார்க்க வேண்டும்.

அந்த வெள்ளைக்கார அம்மாளிடம் சொல்லிவிடு. அவர் சீமைக்குத் தங்கையிடம் போய்த் திரும்புகிற வரைக்கும் ஏரிக்கு மேலே உள்ள அவர் வீட்டை நாம் இருவரும் பார்த்துக்கொள்வோம். நாய்க்குச் சோறு போடுவோம். புகைக்கூண்டைச் சுத்தமாக வைத்திருப்போம். அந்தச் சரிவில் ஒற்றைப் பெண்பிள்ளையை விட்டுவைக்க மாட்டேன், இரண்டு பேர் என்றால்தான் சாவி என்று அவர் சொன்னது நியாயம்தான். பிப்ரவரி பதினைந்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றிருக்கிறார். முடிவு இப்போதே சொல்லியாயிற்று.

மலையில் எந்த மாதம் என்ன செய்வது என்று நாம் மாதத்துக்கு ஒரு பக்கமாக எழுதிவைக்கிற நீல நோட்டுப் புத்தகத்தைத் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் எழுதியிருக்கிறேன். ஏப்ரல்: பஸ்ஸை விட்டு இறங்கியதும் இரண்டு நாள் தூங்குவது. ஆகஸ்ட்: சலேத் மாதா கோயில் திருநாளுக்கு நடந்தே போவது, வருகிற வழியில் யாரிடமும் நின்று பேசாமல் இருப்பது. இரண்டாவது உன்னால் முடியாது. நீயும் எழுதி அனுப்பு. ஆனால் விடுதி நோயறையில் பிள்ளைகளின் காய்ச்சலைக் குறிக்கிற பழக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தேதி போடுகிறாயே, அதை விட்டுவிடு. படிக்கும்போது எனக்குச் சுரம் வந்த மாதிரி இருக்கிறது. மார்ச்சுப் பக்கம் மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கிறது. மார்ச்சில் மூட்டை கட்ட வேண்டும். அதை யார் எழுதுவது என்று நாம் இரண்டு பேரும் தட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறோம்.

அம்மா அந்த ஒரு வருஷம் திருச்சியில் ஹென்றி அண்ணனோடு இருப்பாள். முணுமுணுக்கிறாள், ஆனால் பேரன்களைப் பார்க்கிற ஆசை உள்ளூர இருக்கிறது. இங்கே மழை விடவில்லை. கச்சேரி ரோட்டில் முழங்கால் தண்ணீர். எனக்கு வழக்கமான நவம்பர் மூச்சிழுப்பு தொடங்கிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது விடுதிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலை ஏறினாய். ஆறு வாரத்தில் வருகிறேன் என்றாய். நாலரை வருஷம் ஆகிறது. நீ எங்கள் வீட்டு முன்னறையில் குடியிருந்த ஆறு வருஷமும் உன் குடை தொங்கிய ஆணியில் இப்போது அம்மா துணிப்பையை மாட்டுகிறாள். நான் அதை எடுத்து வேறிடத்தில் வைத்துவிடுகிறேன்.

ஈஸ்டருக்கு இன்னும் ஐந்து மாதம்.

உன்,
கிளாடிஸ்.

---

சேசு மரி சூசை துணை

சாந்தோம்,
29 டிசம்பர் 1946.

அன்புள்ள ஐவி,

கிறிஸ்மஸ் வாழ்த்தை முன்பே அனுப்பிவிட்டதால் இந்தக் கடிதத்தில் உன்னைச் சிரிக்க வைப்பதைத் தவிர வேறு வேலை எனக்கில்லை. உட்கார்ந்து படி. எனக்குக் கல்யாணம் என்று ஊரெல்லாம் பேச்சு.

இது எப்படி வந்தது என்று கேள். ஞானஸ்நானச் சான்று வாங்கக் கோயிலுக்குப் போனேன் அல்லவா? உபதேசியார் காஸ்பர் பெரிய புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, மாப்பிள்ளை எந்தப் பங்குக் கோயில் என்று கேட்டார். கல்யாணத்துக்கில்லை, விடுப்புக்கு என்றேன். முப்பது வருஷமாகச் சான்று எழுதிக் கொடுக்கிறாராம். கல்யாணத்தைத் தவிர வேறெதற்கும் ஒருவரும் அதைக் கேட்டு வந்ததில்லையாம். வெட்கப்படாதீர்கள் டீச்சர், நான் யாரிடமும் மூச்சு விட மாட்டேன் என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார்.

அது அதோடு போயிருக்கும். அடுத்த சனிக்கிழமை தியாகராய நகருக்குப் போனேன். பனகல் பார்க் பக்கத்தில் ஷரீஃப் என்ற சாயபு, யுத்தம் முடிந்து பட்டாளத்தார் கழித்துவிட்ட சாமான்களை வாங்கி விற்கிறார். கம்பளி இரண்டு, எனாமல் கோப்பை இரண்டு, வெந்நீர்ப் பை இரண்டு, ஒரு கெட்டில் எடுத்தேன். எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பஸ்ஸில் ஏறினால் எதிர் இருக்கையில் நம் பாடகர் குழுவின் இரண்டு அம்மாள்கள். ஜோடி ஜோடியாக வாங்கியிருக்கிறாயே என்றார்கள். இரண்டு பேருக்கு என்று உண்மையைச் சொன்னேன். காக்கிக் கம்பளியில் சீர் எடுக்கிற மணப்பெண்ணை உலகத்தில் எங்காவது பார்த்ததுண்டா? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. கிறிஸ்மஸ் காலைப் பூசை முடிந்து வெளியே வந்தால் திருநாள் வாழ்த்துச் சொல்கிறவர்களைவிடக் கல்யாண வாழ்த்துச் சொல்கிறவர்கள்தான் அதிகம்.

இனிமேல்தான் சிரிக்க வேண்டிய இடம். நேற்று முன்தினம் ராஜநாயகம் வீட்டுக்கு வந்தார். உனக்குத் தெரியும், கார்ப்பரேஷன் ஆபீசில் வேலை, கோயிலில் தடித்த குரலில் பாடுவாரே, அவர்தான். மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. ஒரே மகள் நோரா, என் வகுப்பில் படிக்கிறாள். அவளையும் கூட்டிக்கொண்டு கேக்கோடு வந்தார். நான் கல்யாணமே வேண்டாம் என்று இருக்கிறவள் என நினைத்து இரண்டு வருஷமாக வாயைத் திறக்காமல் இருந்தாராம். இப்போது கல்யாணத்துக்குத் தயாராகிறேன் என்று கேள்விப்பட்டு உபதேசியாரிடம் விசாரித்தாராம். சான்று வாங்கியாயிற்று, மாப்பிள்ளைதான் யாரென்று தெரியவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்த இடம் காலியாக இருந்தால் தன்னை நினைத்துப் பார்க்கலாமா என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா கேக்கை வெட்டினாள். நான் நோராவுக்குத் தட்டு எடுக்கப் போகிற சாக்கில் சமையலறைக்குள் போய்ச் சிரித்தேன். யோசித்துச் சொல்கிறோம் என்று அம்மா அனுப்பிவைத்தாள்.

அப்புறம், ஐவி, நீயே சொல். அவருக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?

கெட்டிலின் மூக்கு கொஞ்சம் நசுங்கியிருக்கிறது. பரவாயில்லை, தண்ணீர் கொதித்தால் போதும்.

உன்,
கிளாடிஸ்.

---

சேசு மரி சூசை துணை

சாந்தோம்,
18 ஜனவரி 1947.

அன்புள்ள ஐவி,

எட்டாம் தேதியிட்ட உன் கடிதம் கிடைத்தது. கடிதம் என்று சொல்வது மரியாதைக்காக. எனக்கு நீ எழுதியதிலேயே இதுதான் சின்னது. "அவர் நல்ல மனிதர். நீ தனியாக இருக்க வேண்டியவள் அல்ல. தாமதிக்காமல் சம்மதம் சொல். வீட்டைப் பற்றிக் கவலைப்படாதே, அந்த அம்மாளிடம் நான் பேசிக்கொள்கிறேன். சர்வேசுரன் உன்னை ஆசீர்வதிப்பாராக." இவ்வளவுதான். மழையைப் பற்றி இல்லை, நாயைப் பற்றி இல்லை. கையெழுத்துகூட யாரோ ஒரு மேட்ரன் போட்ட மாதிரி இருந்தது.

நான் வேடிக்கையாகக் கேட்டேன் என்று உனக்குத் தெரியவில்லையா? அல்லது தெரிந்துதான் எழுதினாயா? மூன்று நாள் அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நீ எழுதியதுதான் சரி என்று நான்காம் நாள் எனக்கே தோன்றிவிட்டது. நமக்கு முப்பத்துநாலு வயதாகிறது. பைத்தியக்காரத்தனமாக நோட்டுப் புத்தகத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தோம், ஒருத்திக்குத் தெளிந்துவிட்டது, இன்னொருத்திக்கும் தெளிய வேண்டியதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு மறுநாள் பங்குச் சுவாமியார் வீட்டுக்கு வந்தார். தபசுகாலம் தொடங்கினால் ஈஸ்டர் வரைக்கும் கல்யாணம் செய்ய முடியாது, அதனால் இப்போதே ஒரு வார்த்தை சொல்லம்மா என்று கேட்டார். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாக ஒரு மலையை நம்பி இவரை விட்டுவிடப் போகிறாயா என்று முதல் நாள்தான் என்னிடம் கேட்டிருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அழுகை வந்ததால் குனிந்தேன், ஐவி. மௌனம் சம்மதம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கே மோதிரம் போட்டாகிவிட்டது. பிப்ரவரி பன்னிரண்டு, புதன்கிழமை, கல்யாணம்.

ராஜநாயகத்தைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தால் சௌகரியமாக இருக்கும். மோதிரம் போட்ட அன்று வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து தனியாக என்னிடம் சொன்னார்: "உங்களுக்கு வேற எண்ணம் ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. எனக்கு வருத்தமா இருக்காதுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா சொல்லாம இருக்கறதைவிட அது மேல்." நான் என்ன சொல்வது? என்னை வா என்று கூப்பிட ஆள் இருக்கிறது என்றா? கூப்பிட்டவள்தான் தாமதிக்காமல் சம்மதம் சொல் என்று எழுதிவிட்டாளே.

நோரா வகுப்பில் இப்போது முதல் வரிசைக்கு வந்துவிட்டாள். இனிமேல் உங்களை என்னவென்று கூப்பிடுவது என்று கேட்டாள். டீச்சர் என்றே கூப்பிடு என்றேன். அவளுக்கு ஏமாற்றம். சடை பின்னிக்கொள்ள என்னிடம் ரிப்பன் கொண்டுவருகிறாள். அவள் தலையில் எண்ணெய் போதாது.

ஒரு உதவி கேட்கிறேன். பிப்ரவரி பதினைந்தாம் தேதி வரைக்கும் வீட்டுக்கார அம்மாளிடம் ஒன்றும் சொல்லாதே. ஏன் என்று கேட்காதே.

நோட்டுப் புத்தகம் உன்னிடம்தான் இருக்கிறது. அதை என்ன செய்வதென்று நீ எழுதவில்லை.

கிளாடிஸ்.

---

சேசு மரி சூசை துணை

சாந்தோம்,
26 ஜனவரி 1947, ஞாயிறு.

அன்புள்ள ஐவி,

இன்று காலைப் பூசையில் எங்கள் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள். நம் இரண்டு பேருக்கும் இது எவ்வளவு பழக்கமான விஷயம். யார் யாருக்கோ மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கும்போது முழங்கையால் இடித்துக்கொண்டு சிரித்திருக்கிறோம். சொந்தப் பெயரைக் கேட்பது வேறு மாதிரி இருக்கிறது. சாந்தோம் பங்கைச் சேர்ந்த ராஜநாயகத்துக்கும், மேற்படி பங்கைச் சேர்ந்த கிளாடிஸுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, இதற்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று சுவாமியார் வாசித்தார். வாசித்துவிட்டு ஒரு விநாடி நிறுத்தினார். அது வழக்கம்தான், எல்லோருக்கும் நிறுத்துவார். நான் வாசற்கதவைத் திரும்பிப் பார்த்தேன். கழுத்து தானாகத் திரும்பியது. வெளியே வெயிலும் ஒரு ரிக்‌ஷாவும் இருந்தன.

நேற்று நோட்டுப் புத்தகம் தபாலில் வந்தது. மேலே ஒட்டிய காகிதத்தில் "உன்னிடமே இருக்கட்டும்" என்று மட்டும் எழுதியிருந்தாய். கட்டைப் பிரிக்கவில்லை. பெட்டிக்குள் கம்பளிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மீன் கொண்டுவருகிற தேவானை உன்னை விசாரித்தாள். ஊரூர்க் குப்பத்திலிருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டி இவ்வளவு தூரம் நடந்து வருகிறவள், கூடையை இறக்கியதும் என் முகத்தைத்தான் பார்த்தாள். "இன்னா டீச்சரம்மா, கல்யாணப் பொண்ணு மூஞ்சா இது? மீனுதான் நாறிப்போச்சோன்னு நான் மோந்து பாத்துக்கினு கீறேன்" என்றாள். சிரித்துவிட்டேன். பிறகு, அந்த ஐவி டீச்சர் கல்யாணத்துக்கு வருகிறதா என்று கேட்டாள். தெரியாது என்றேன். வஞ்சிரத்தை நறுக்கிக்கொண்டே நிமிராமல் சொன்னாள்: "அது வராங்காட்டி ஒனக்கு இன்னா கல்யாணம்?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் உள்ளே போய் நின்றுவிட்டேன். மீனை அம்மாதான் வாங்கி வைத்தாள்.

நீ வருவாயா? கேட்கவே இல்லையே நான். வர வேண்டாம். நீ அந்தக் கோயிலுக்குள் இருந்தால் என்னால் முன்னால் நடக்க முடியாது.

கிளாடிஸ்.

---

சேசு மரி சூசை துணை

சாந்தோம்,
3 பிப்ரவரி 1947, திங்கள்.

என் ஐவி,

நேற்று மெழுகுவர்த்தித் திருநாள். மந்திரித்த மெழுகுவர்த்திகளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. சுவாமியார் அதே இடத்தில் நிறுத்தினார். என் மெழுகு விரலில் சொட்டியது. வலி தெரிந்தது நல்லதாய்ப் போயிற்று, இல்லாவிட்டால் உட்கார்ந்திருப்பேன்.

இன்று காலை ரேஷன் ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தது. அம்மாவின் கார்டிலிருந்து என் பெயரை எடுத்து ராஜநாயகத்தின் கார்டில் சேர்க்க வேண்டும். அதற்குப் பழைய கார்டைத் தேடிப் பெட்டியைத் திறந்தேன். கம்பளிக்கு அடியில் நம் நோட்டுப் புத்தகம். இனிமேல் பிரித்தால் என்ன என்று பிரித்தேன். என் கையெழுத்தையும் உன் கையெழுத்தையும் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு அம்மாவின் அடுப்பில் போடுவதாக இருந்தேன். உன்னிடம் மறைத்து என்ன?

ஏப்ரல், மே, ஜூன் எல்லாம் எனக்கு மனப்பாடம். டிசம்பரில் கிறிஸ்மஸ் குடிலுக்குக் காட்டிலிருந்து பாசி எடுத்து வருவது, ஜனவரியில் காலை ஏழு மணிக்கு ஏரிக்கரைப் புல்லில் உறைபனியைக் கையால் தொட்டுப் பார்ப்பது, பிப்ரவரியில் பாறை விளிம்பில் நின்று கீழே வெயிலில் கிடக்கிற சமவெளியைப் பார்த்துச் சிரிப்பது. சிரிப்பது என்பதற்கு அடியில் நீ கோடு போட்டிருக்கிறாய்.

பிறகு நவம்பர்ப் பக்கத்துக்கு வந்தேன். முன்பு அங்கே இல்லாத ஒரு வரி பென்சிலில் இருந்தது. "கிளாடிஸுக்கு நவம்பரில் மூச்சு இழுக்கும். ஜன்னலோரக் கட்டில் எனக்கு, அடுப்புப் பக்கத்துக் கட்டில் அவளுக்கு." பக்கத்தில் உன் வழக்கப்படி தேதி: 11 ஜனவரி.

எட்டாம் தேதிதானே நீ எனக்கு ஆசீர்வாதம் எழுதினாய். தாமதிக்காமல் சம்மதம் சொல் என்று எழுதித் தபாலில் போட்டுவிட்டு, மூன்று நாள் கழித்து உட்கார்ந்து, வராதவளுக்குக் கட்டில் போட்டிருக்கிறாய்.

மார்ச்சுப் பக்கத்தைத் திருப்பினேன். அங்கேயும் எழுதியிருந்தாய். "திரும்பிப் போவதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை." 19 ஜனவரி.

தேதி போடாதே என்று உன்னை எத்தனை தடவை கேலி செய்தேன். இனிமேல் செய்ய மாட்டேன்.

ஐவி, தப்பு என்னுடையது. டிசம்பரில் நான் உன்னிடம் எழுதியிருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: எனக்கு உன்னிடம் வர வேண்டும். அதை எழுதாமல், அவருக்கு என்ன பதில் சொல்லட்டும் என்று உன்னைக் கேட்டேன். போகாதே என்று நீ சொல்வாயா பார்க்கலாம் என்று கேட்டேன். நீயும் என்னைப் போலவே ஒரு அசடு. என் நன்மை என்று எதையோ நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு நாலு வரி எழுதிவிட்டாய். பிள்ளைகளுக்குக் கசப்பு மருந்து கொடுத்துக் கொடுத்து அதே முகத்தோடு நீயும் குடித்துவிட்டாய்.

இப்போது எழுதுகிறேன். எனக்கு உன்னிடம் வர வேண்டும். ஏரிக்காகவும் மலைக்காகவும்தான் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால், ஏரியில்லாத ஊராக இருந்தாலும் வருவேன்.

ரேஷன் ஆபீசுக்குப் போனேன். பெயர் மாற்றத் தாளில், எந்த இடத்துக்கு மாற்றம் என்று கேட்டிருந்தது. கொடைக்கானல் என்று எழுதிக் கொடுத்தேன். எப்போதிலிருந்து என்று குமாஸ்தா கேட்டார். ஏப்ரலிலிருந்து என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

இந்தக் கடிதத்தை லஸ் தபாலாபீசில் போட்டுவிட்டு நேராக ராஜநாயகம் வீட்டுக்குப் போகிறேன். வேறு எண்ணம் இருந்தால் சொல்லிவிடுங்கள் என்று கேட்ட மனிதருக்கு அதை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். மோதிரத்தையும் அவர் கையில்தான் கொடுக்க வேண்டும். அவர் கோபப்பட மாட்டார், அதுதான் எனக்குக் கஷ்டம். நோராவுக்கு என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை. அவள் ரிப்பன் ஒன்று என் மேசையில் கிடக்கிறது. அவளுக்கு நான் செய்வது துரோகம்தான். அதற்கு எந்தச் சாக்கும் என்னிடம் இல்லை. அங்கிருந்து சுவாமியாரிடம் போவேன். கடைசியாக அம்மாவிடம். அம்மா பேச மாட்டாள், ஈஸ்டர் வரைக்கும் பேச மாட்டாள். இரண்டு ஓலை வாசித்தபின் நின்றுபோன கல்யாணத்தை இந்தப் பங்கு பத்து வருஷம் பேசும். பேசட்டும்.

இதையெல்லாம் உன் பதில் வந்தபிறகு செய்யலாம் என்று முதலில் நினைத்தேன். அது மறுபடியும் உன் தலையில் கட்டுவதாகும். அதனால் முன்பே செய்கிறேன். நீ பதினைந்தாம் தேதி வரைக்கும் பொறுக்காமல் அந்த அம்மாளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாயோ, அவர் வீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டாரோ, எனக்குத் தெரியாது. இதைப் படித்துவிட்டு, காலம் கடந்துவிட்டது என்று நீ எழுதலாம். அப்போதும் ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை வாசிக்க மாட்டார்கள்.

தடை அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று சுவாமியார் இரண்டு ஞாயிறு கேட்டார். அறிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். இங்கே சொல்ல வேண்டியவர்களிடம் நான் சொல்லிவிடுகிறேன். அங்கே சொல்ல வேண்டியவரிடம் நீ இன்றைக்கே போய்ச் சொல், இரண்டு பேர் வருகிறோம் என்று.

கெட்டிலின் மூக்கைத் தட்டி நிமிர்த்தி வைத்திருக்கிறேன். சலேத் மாதா உன்னைக் காப்பாற்றட்டும். குளிரில் தலையை மூடிக்கொண்டு போ. ஜன்னலோரக் கட்டிலை நீயே வைத்துக்கொள், ஐவி. அடுப்புப் பக்கத்துக் கட்டிலை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதே.

உன்,
கிளாடிஸ்.